நான் மூடிவைத்த உன் புகார்

போன மாதம் ஒரு காலை, முலுண்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஊசி போடும் மேசைக்கும் இயந்திரங்கள் இருந்த அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே. எங்கும் ஸ்பிரிட் வாசனை. திடீரென்று மின்சாரம் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. உள்ளே இருந்த இயந்திரம் தானாக விழித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓடவிட்டது. யாரும் நின்று படிக்கிற எழுத்துகள் அல்ல அவை. நான் பழக்கத்தால் படித்தேன். நாலாவது வரியின் கடைசியில் ஒரு சொல் இருந்தது. நோஸ்மேப்.

அதை எழுதியவள் நான். நாலு வருஷத்துக்கு முன் செம்பூர் அலுவலகத்தில், நீ என் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது எழுதியது.

உடனே உன் முகம் நினைவுக்கு வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது பயம். இந்த இயந்திரம் இன்னும் இப்படியே ஓடுகிறதா, இத்தனை நாளில் யார் யாருக்கு என்னென்ன எண்ணைக் கொடுத்திருக்கிறது என்ற பயம். நீ அதற்குப் பிறகுதான் வந்தாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீ இருந்தபோது எழுதவேண்டிய வரி ஒன்று இருந்தது. அதையும் எழுதவில்லை.

நீ டெஸ்டிங்கில் சேர்ந்தபோது எனக்கு அந்த அலுவலகத்தில் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்குள் இருக்கும் கணினியைச் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி. கீழே டயர் கடை, மேலே நாம். நான் மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. நீ தாராவி. உன் வாப்பாவுக்கு அங்கே தோல் பை தைக்கிற பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து உன் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். அதைவிட என் தமிழைக் கேட்டு நீதான் அதிகம் சிரித்தாய். "நீ பேசுறது தமிழா, டப்பிங் படமா?" என்று கேட்பாய். பெருநாளுக்கு மறுநாள் வட்டலப்பம் கொண்டுவந்து, "முட்ட இருக்கு, சொல்லிட்டேன். பொறவு எங்கம்மா ஏசுதான்னு வராத" என்று டப்பாவை என் பக்கம் தள்ளுவாய். நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

மற்ற டெஸ்டர்கள் புகார் எழுதினால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். "வேலை செய்யவில்லை", அவ்வளவுதான். நீ முழு வாக்கியங்களாக எழுதுவாய். எதைச் செய்தேன், எதற்குப் பின் எதைச் செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பட்டறையில பை தச்சு முடிச்சா மொதல்ல கைப்பிடியப் புடிச்சு இழுத்துப் பாக்கது நாந்தான். பிஞ்சா எந்த எடத்துல பிஞ்சதுன்னு சொல்லணும். பிஞ்சிருச்சுன்னு மட்டும் சொன்னா வாப்பா ஏசுவாங்க" என்றாய்.

சாயங்காலம் செம்பூரிலிருந்து குர்லா வரை, அங்கே வண்டி மாறி சயான் வரை ஒன்றாகப் போவோம். நீ சயானில் இறங்குவாய். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. அந்த மூன்று நிமிடம் மட்டும் நான் தனியாகப் போவேன்.

பிறகு அந்தப் புதிய கணினிப் போர்டு வந்தது.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கே ஒருமுறை நேராகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கணினியில் ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் அதற்கென்று நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து நிர்வாகம் பண்ணுகிற கெர்னலுக்கு எந்த நிரலின் இடத்திலும் கை வைக்கிற வல்லமை இருக்கிறது. அந்த வல்லமை தவறிப் போய்விடக் கூடாது என்பதற்காகப் புதிய பிராசசர்களில் ஒரு காவல் வைத்தார்கள். அதைத்தான் ஸ்மேப் என்கிறோம். கெர்னல் ஒரு நிரலின் இடத்தைத் தொடவேண்டுமானால், அதற்கென்று உள்ள வழியில், ஒரு கணம் திறந்து, வேண்டியதை எழுதி, மூடிவிட வேண்டும். வேறு எப்படித் தொட்டாலும் பிராசசர் அந்தக் கணமே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

நம் டிரைவர், அதாவது ரத்தத்தை அளக்கிற கருவியிலிருந்து எண்ணை வாங்கிக் கொடுக்கிற கெர்னல் பகுதி, நான் வேலையில் சேர்ந்த புதிதில் எழுதியது. அது அந்த வழியில் போகவில்லை. நேராகக் கை நீட்டி எழுதிவிடும். பழைய போர்டுகளில் அந்தக் காவல் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதிய போர்டில் முதல் சாம்பிள் வைத்தவுடனே இயந்திரம் நின்றுபோனது. இரண்டாவது சாம்பிளுக்கும் அப்படியே.

அந்த வாரம் முதல் இயந்திரங்கள் போயாக வேண்டும். மேலாளர் என் மேசைக்கு வந்து என்ன வழி என்று கேட்டார். டிரைவரைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் தொடங்கும்போதே அந்தக் காவலை அணைத்துவிடலாம், ஒரே ஒரு சொல் போதும் என்றேன். "அபீ சலேகா," என்றார். இப்போதைக்கு ஓடும் என்று. ஸ்மேப் வேண்டாம் என்று சொல்கிற 'நோஸ்மேப்' என்ற அந்தச் சொல்லைப் போட்டேன். இயந்திரம் ஓடியது. மேலாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நீ மட்டும் நகரவில்லை. "அப்ப அது எதுக்கு நின்னுச்சு?" என்று கேட்டாய்.

"டிரைவர் பழசு. புது சிப்புக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"பிடிக்கலன்னா காரணம் இருக்கும்லா. முந்தி மெஷின்ல ஒரு கருவிதான். இதுல ரெண்டு இருக்கு. ரெண்டு நிரல் ஓடுது. உன் டிரைவர் எண்ணக் கொண்டுபோவும்போது எது ஓடிக்கிட்டு இருக்குன்னு பாக்குதா?"

பார்க்காது. அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இரண்டு நிரலும் ஒரே அச்சு, இரண்டிலும் அந்த எண்ணுக்கு ஒரே முகவரி. முதல் கருவியின் எண் வந்து சேரும் நேரத்தில் இரண்டாவது நிரல் ஓடிக்கொண்டிருந்தால், ஒருவருடைய அளவு இன்னொருவருடைய ரிப்போர்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். மிக அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கும். இதையெல்லாம் நான் உன்னிடம் சொல்லவில்லை. "அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

நீ அப்புறம் பார்க்கக் காத்திருக்கவில்லை. பொட்டாசியம் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவங்களைக் குழாய்களில் எடுத்து, ஒன்றாம் கருவிக்குக் குறைந்த அளவும் இரண்டாம் கருவிக்குச் சரியான அளவும் வைத்து, மூன்று நாள் விடாமல் ஓட்டினாய். மூன்றாம் நாள் மதியம் இரண்டு ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒன்றாம் கருவியின் தாளில் இரண்டாம் கருவியின் எண் இருந்தது.

"மூணு நாள்ல ஒரு தடவதானே?" என்றேன்.

"ஒரு தடவ வந்தா வருதுன்னுதானட்டி அர்த்தம். பிராசசர் மேல தப்பே இல்ல வசு. நம்ம டிரைவர் யார் எடத்துல எழுதுதோம்னு பாக்காம எழுதுது. அதக் கண்டுதான் அது கத்துச்சு. நீ அது வாயப் பொத்திட்ட."

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தான் பேசுதேன். எழுதியும் வச்சிருக்கேன், பாத்துக்க."

எழுதியிருந்தாய். ஒரு பக்கம், முழு வாக்கியங்களில். மறுநாள் நான் அதைச் சோதிப்பதாகச் சொல்லி ஒரே ஒரு மதியம் இயந்திரத்தை ஓட்டினேன். ஒரு மதியத்தில் அது வராது என்று எனக்குத் தெரியும். வரவில்லை. உன் புகாரின் கீழ், "மீண்டும் நிகழவில்லை. மூடப்படுகிறது" என்று எழுதி மூடினேன். நீ மறுபடி திறந்தாய். நான் மறுபடி மூடினேன். அந்த வாரக் கூட்டத்தில், நீ கெர்னலுக்குப் புதியவள், பழகிக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும் என்று எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அன்றைக்கும் நாம் ஒன்றாகத்தான் வண்டியில் போனோம். நீ குழாய்த் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாய்.

ஐந்து மாதம் கழித்துப் புகார் வந்தது. ஒரு லேபில் ஓர் அம்மாளுக்குப் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. உண்மையில் அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தது. இதயத் துடிப்பின் படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னதால் பிழைத்தார். இரண்டு நாள் ஐசியுவில் இருந்தாராம்.

கூட்டம் போட்டார்கள். நீ காண்ட்ராக்ட், அதனால் உன்னைக் கூப்பிடவில்லை. "டெஸ்டிங் ஏன் இதைப் பிடிக்கவில்லை?" என்று மேலாளர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "டெஸ்டிங்லேருந்து ஓப்பனா எந்தப் புகாரும் இல்ல," என்றேன்.

அது பொய்யான வாக்கியம் இல்லை. திறந்த நிலையில் எந்தப் புகாரும் இல்லைதான். இரண்டு முறையும் மூடியவள் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாராவது பழைய பதிவைத் திறந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. என்னை நம்பினார்கள்.

அன்று மதியமே உன் லாகினை நிறுத்திவிட்டார்கள். செம்பூர் பிளாட்பாரத்தில் நீ எனக்காக நின்றுகொண்டிருந்தாய்.

"என்ன சொன்ன நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"நான் எழுதுனதத் தொறந்து காட்டுனியா?"

"அப்ப இருந்த டென்ஷன்ல…"

"எனக்கு இப்ப உள்ள போவ முடியாது வசு. உன்னால முடியும்லா. நாளைக்குத் தொறந்து காட்டு. அது போதும் எனக்கு."

"பாக்கறேன்," என்றேன்.

சயானில் கூட்டம் உன்னை இறக்கிவிட்டது. அடுத்த மூன்று நிமிடம் நான் எதை நினைத்துக்கொண்டு போனேன் என்று ஞாபகமில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன், அது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் டிரைவரைத் திருத்தினேன். முழுதாக இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். அந்தச் சொல்லையும் எடுத்தேன். திருத்தத்தின் குறிப்பில் "உள் பரிசீலனையில் கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். சர்வீஸ் ஆட்கள் எல்லா லேபுக்கும் போய் மாற்றிவிட்டு வந்தார்கள். அடுத்த ஏப்ரலில் என்னை அணித் தலைவியாக்கினார்கள்.

நீ இன்னொரு கம்பெனிக்கு முயற்சி செய்தாய் என்றும், அவர்கள் நம் மேலாளரிடம் உன்னைப் பற்றி விசாரித்தார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடியும். பிறகு நீ சயானில் ஒரு கூரியர் ஆபீஸில் முகவரி அடிக்கிற வேலைக்குப் போனாய். எனக்கு மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி அனுப்பினாய்: வேறு ஒன்றும் வேண்டாம், புகாரைச் சரியாகத்தான் எழுதினேன் என்று ஒரு லெட்டர் போதும், நீ சொன்னால் தருவார்கள். அதற்கும் "பாக்கறேன்" என்றே பதில் போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் தாராவியில் முட்டளவு தண்ணீர் நின்ற வாரம், உனக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகம் போய்விட்டதாம். கேன்டீனில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. போகவேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று தெரியாமல் போகாமல் இருந்தேன்.

முலுண்ட் லேபில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தேன். இயந்திரத்தை ஓட்டுகிற பெண் மராட்டிக்காரி, முப்பது வயது இருக்கும். இரண்டாம் கருவியை உடனே நிறுத்துங்கள் என்று இந்தியில் சொன்னேன். இவ்வளவு சாம்பிள் காத்திருக்கிறது, நீங்கள் யார் என்றாள். உள்ளே இருப்பதை எழுதினவள் நான், அதில் தப்பு இருக்கிறது என்றேன். என் அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சுவிட்சை அணைத்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்தாள். கல்யாணில் மூடிப்போன ஒரு லேபிலிருந்து பழசாக வாங்கிய இயந்திரமாம் அது. கைமாறிக்கொண்டிருந்த சமயத்தில் சர்வீஸ் ஆட்கள் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் என்றாள்.

இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை மாறியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அது எந்தப் பதிவிலும் இருக்காது.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். உன் புகாரைத் திறந்தேன். நீ எழுதிய பக்கம் அப்படியே இருந்தது. அதன் கீழே என் பெயரோடு இரண்டு முறை மூடியதும் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து, யார் கண்டுபிடித்தது, யார் மூடியது, கூட்டத்தில் யார் என்ன சொன்னது என்று முழு வாக்கியங்களில் எழுதி, மேலே உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கலாமே. அந்தப் பெண்தான் இல்லையே, இது யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதே கேள்வியை நானும் இரண்டு வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவள்தான்.

தேடியதில் இன்னும் மூன்று இயந்திரங்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். அந்த லேப்களுக்கும் எழுதினார்கள். என்னை அணித் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. உன் புகார் சரியானது, அதை மூடியது கம்பெனியின் தவறு என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம் தந்தார்கள். நீ கேட்ட கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பட்டறை. உன் வாப்பா தையல் மிஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். உன்னோடு வேலை பார்த்தவள் என்றேன். எழுந்து, ஸ்டூலில் கிடந்த தோலை எடுத்துப் போட்டுவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். கீழே குரல் கொடுத்து டீ சொன்னார். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் நானே படித்துத் தமிழில் சொன்னேன்.

"எம் மவ தப்பா எழுதியிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "அவளுக்குத்தான் சந்தேகம் வந்துட்டு. ஆபீஸ்ல கூட இருந்த பிள்ள ஒருத்தி, 'நீயே குழாய மாத்தி வச்சிருப்ப'ன்னு சொன்னாளாம். மொதல்ல கோவப்பட்டா. பொறவு கொஞ்சங்கொஞ்சமா அதையே நெனைக்க ஆரம்பிச்சிட்டா. சோறு திங்கும்போது திடீர்னு கேப்பா, ஒருவேள நாந்தான் மாத்தி வச்சிட்டனோ வாப்பான்னு. ஆசுபத்திரியிலயும் கேட்டா."

நான் அப்படிச் சொன்னது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் அந்த மதியம் முழுதாகத் திரும்பி வந்தது. நீ இரண்டு தாளோடு நின்றாய், எழுதியும் வைத்திருக்கிறேன் என்றாய், உன்னை என் மேசையிலிருந்து அனுப்பிவிடுவதற்காக, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ள நான்தான்," என்றேன்.

அவர் ஏசவில்லை. கடிதத்தை மடித்து மிஷினுக்கு அடியில் இருந்த இழுப்பறைக்குள் வைத்தார்.

"இத என்ட்ட வந்து சொல்லுதிய," என்றார். "அவட்டல்லா சொல்லியிருக்கணும்."

டீ வந்தது. குடிக்கச் சொன்னார். குடித்தேன். இறங்கும்போது, "ஏணி வழுக்கும், பாத்து" என்றார்.

நீ குழாயை மாற்றி வைக்கவில்லை. அதைச் சொன்னபோதே எனக்குத் தெரியும், நீ மாற்றி வைக்கவில்லை.